செமிஃபைனல் மிதவையும் கரீம் பாயும்

கரீம் பாய் போய்விட்டார்.

காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள். முதலில் நம்பவில்லை... அந்த மனிதர் விஷயத்தில் நான் எதையுமே உடனே நம்பியதில்லை. இன்ஜின் பார்ட்ஸ் வாங்க சென்னைக்குப் போக, அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். அப்படியே பழவேற்காட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாய்க்கு ஐஸ் வியாபாரம். ஆனால் ஊருக்கெல்லாம் அவர் எங்கள் ஏரிக்கரை ஃபுட்பால் கப்பை நடத்துகிறவர். அவருடைய தாத்தா காலத்துக் கப். நாக்அவுட். ஒரு மேட்ச் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

யாரோடு யார் ஆடுவது என்பதைக் குலுக்கித்தான் எடுப்பார்கள். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ‘பாடு’ பிரிப்பதும் எங்களுக்குச் சீட்டுப் போட்டுத்தான். சீட்டில் வந்ததை யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது.

கப்புக்கு மட்டும் பேப்பர் சீட்டு கிடையாது. ஈரக் கையில் ஊறிப்போகும் என்று, வலை மிதவைகளில் டீம் பெயரைப் பெயிண்டால் எழுதி, ஐஸ் பெட்டிக்குள் போட்டு, ஈரச் சாக்கால் மூடிவிடுவார்கள். பாய் உள்ளே கையை விட்டு எடுப்பார். பார்க்காமல் எடுப்பார் என்று சொல்வார்கள். சொல்வார்கள்...

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு தடவை, ஏரிக்கு அந்தப்பக்கம் இருக்கிற குப்பத்துக்கும் எங்களுக்கும் வலை அறுத்த தகராறு. (குப்பத்தின் பெயர் வேண்டாம். இப்போது அங்கே பெண் எடுத்திருக்கிறோம்.) போலீஸ் ஸ்டேஷன் வரை போய் வந்தும் ஆறவில்லை. அந்த நேரம் பார்த்து இரண்டு டீமும் செமிஃபைனலுக்கு வந்துவிட்டோம். மற்ற இரண்டும் பொன்னேரி டீம், பழவேற்காடு டவுன் டீம்.

என் அண்ணன் செல்வம்தான் எங்கள் ஃபார்வர்டு. அந்தப்பக்கம் டிஃபென்ஸ் ஆடுகிற தயாளன்தான் வலையை அறுத்தவன் என்று அவனுக்கு எண்ணம். “அவன் மட்டும் சிக்கட்டும்டா, காலை ஒடச்சி கையில குடுக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே திரிந்தான்.

பாய் சாக்குக்குள் கை விட்டார். முதல் மிதவை நாங்கள். ஒரே கத்தல். மறுபடி விட்டார்... துழாவினார், துழாவினார்...

“இன்னா பாய், உள்ள வஞ்சிரம் தேடுறீங்களா?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை.

ஒரு மிதவை பாதி வெளியே வந்தது. அதில் அந்தப்பக்கக் குப்பத்தின் முதல் எழுத்து. என் ரெண்டு கண்ணால் பார்த்தேன். சட்டென்று கை உள்ளே போய் வேறொரு மிதவையோடு வந்தது. பொன்னேரி!

“ஐஸ்ல கை மரத்துப் போச்சுப்பா, வழுக்கிடுச்சு” என்றார்.

அண்ணன் எகிறிக் குதித்தான். நைனாதான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். “டேய், சீட்டு மேலயே சந்தேகப்பட்டா, நாளைக்கு ஏரியில பாடு பிரிக்கறப்ப எவன்டா நம்மள நம்புவான்?”

அதற்கு மேல் எங்கே பேசுவது?

பொன்னேரியிடம் தோற்றோம். அந்தப்பக்கக் குப்பம் டவுன் டீமிடம் தோற்றது. கடைசியில் கப் டவுனுக்கே. டவுன் டீம் கோல்கீப்பர் யார் தெரியுமா? பாயின் அக்கா மகன்! அப்புறம் எப்படிச் சந்தேகம் வராமல் இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு படகுக்கு ஐஸ் வாங்கப் போனால், எனக்கு மட்டும் ஒரு துண்டு கூடவே விழும். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

“எதுக்கு பாய் எக்ஸ்ட்ரா?”

“வழியில கரையறதுக்குப்பா.”

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். “பாய், அன்னைக்கு மொதல்ல கையில வந்தது யாரு மிதவை?” கிளாஸை என் பக்கம் தள்ளினார். “டீ ஆறுது, குடி.” அவ்வளவுதான். நானும் விடாமல் கேட்டுப் பார்த்தேன். மனுஷன் கடைசிவரை வாயைத் திறக்கவே இல்லை.

இன்றைக்கு மையவாடி வாசலில் தயாளன் நின்றிருந்தான். அடக்கம் முடிந்ததும் இரண்டு பேரும் ஓரமாக நின்று பேசினோம். அவன் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

“மச்சான், அந்த செமிஃபைனல் உங்களோட விழுந்திருந்தா, நாங்க வெறுங்கையோட வர்றதா இல்ல. மீன் வெட்டுற கத்திய சாக்குல சுத்தி ரெடியா வெச்சிருந்தோம்.”

“யாருக்கு?”

தரையைப் பார்த்தான். “செல்வத்துக்குத்தான். குலுக்கல் அன்னிக்கு காலையில ஐஸ் எடுக்கப் போன எங்க பசங்க பாய் கடையில நின்னு அதத்தான் பேசிக்கினு இருந்தானுங்க.”

“பாய் கேட்டாரா?”

“ஐஸ் ஒடைக்கிற சத்தம்... கேட்டாரோ, இல்லையோ. எனக்கு இன்னா தெரியும்?”

அக்கா மகன் கோல்கீப்பராக இருந்ததும் உண்மைதான். கப் டவுனுக்குப் போனதும் உண்மைதான். ஒன்றும் புரியவில்லை எனக்கு...

திரும்பி வந்தபோது அண்ணன் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் பேத்தி விளையாடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டான். “அந்த ஃப்ராடு மனுஷன் சாவுக்கா போய்ட்டு வர? வெக்கமா இல்ல உனக்கு?”

அவன் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்துகொண்டேன். அவன் பாட்டுக்கு வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே இருந்தான். வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஃபேஸ்புக்கில் இல்லை. யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

போய் வாங்க பாய்.