வண்டியில் ஏறாத மந்திரி

என் இளைய மகன் பிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவன். பெற்றவள் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், கெட்டிக்காரன். கம்ப்ரசர் ஓடும் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் லீவு எடுத்ததே கிடையாது.

அவனிடம் ஒரு நாய். எதைப் போட்டாலும் யோசித்துவிட்டுத்தான் வாயை வைக்கும். அதனால் மந்திரி என்று பெயர். பதினோரு வயது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் நாய் டாக்டரிடம் போன மாதம் நடத்திக் கூட்டிப்போனான். சிறுநீரகம் போய்விட்டது, இன்னும் இரண்டு மாதம் இருந்தால் அதிகம் என்று சொல்லிவிட்டார். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மா, இதைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன். குழாய்த் தண்ணிக்கே அந்தக் குதி குதிக்குது. ஒரு தடவையாவது பாக்கட்டும்.”

மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏங்க, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்குக் கடல் எந்தப் பக்கம்னு காட்டியிருக்கீங்களா?”

“நீ குதிச்சுக் கேட்டிருக்கணும்.”

“வாலும் இருந்திருக்கணும்.”

கேலி செய்தாலும் எல்லாம் தயார் செய்தவள் அவள்தான். நாயை எந்த லாட்ஜில் சேர்ப்பார்கள்? சேர்த்தாலும் நமக்குக் கட்டுப்படியாகுமா? அதனால் கூடாரம் என்று முடிவானது. ஏசி மெக்கானிக்கிடம் இரவல் வாங்கினான். ஜிப் போயிருந்தது, அவள் நாடா வைத்துத் தைத்தாள். புது பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மெத்தையாகக் கடை வேனில் விரித்தான். மந்திரியின் மருந்துக்கு ஐஸ் பெட்டி, ஒற்றை அடுப்பு, இரண்டு குடம் தண்ணீர். நாலு நாள் லீவு என்று கடைக்கதவில் எழுதியும் ஒட்டினான்.

கிளம்பும் காலையில் வேன் கதவைத் திறந்து, “வாடா மந்திரி” என்றான்.

மந்திரி இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

அவன் முகம் அப்படியே செத்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. குட்டியாக இருந்தபோது அது வேனில் ஏறி, ரிப்பேருக்கு ஏற்றியிருந்த ஒரு வீட்டுக்காரரின் பிரிட்ஜ் முழுக்க முடியாக்கிவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் இவன் நாய்க்குப் பாடம் எடுத்தான். உள்ளே உட்கார்ந்து ஆசையாகக் கூப்பிடுவான். ஏறினால் அதட்டல். ஏறாமல் பின்வாங்கினால் பிஸ்கட். அதை நன்றாகப் பழக்கியிருந்தான். நாங்கள் எல்லாரும் கைதட்டிச் சிரித்தோம், நானும்தான்.

“தூக்கி வைடா” என்றேன். புருஷனும் பெண்டாட்டியும் தூக்கி வைத்தார்கள். அட்டையெல்லாம் நனைத்துவிட்டு, திருடியவன்போலத் தலையைத் தொங்கப்போட்டு நடுங்கியது. நடுங்கினால் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இறக்கிவிட்டான்.

நான் விடவில்லை. “நான் உள்ளே உக்காந்தா வரும். என்கிட்டதானே படுக்குது.”

“அத்தை, உங்க முட்டி...”

“என் முட்டி என் பாடு.”

ஏறி உட்கார்ந்தேன். கொஞ்சினேன், கெஞ்சினேன், கடைசியில் திட்டவும் செய்தேன். அது வாசல் படிக்கட்டில் மோவாயை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. வெயில் ஏறியது. என்னை இறக்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

“பத்து வருஷமாப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்மா. இப்ப மட்டும் நெசமாத்தான் கூப்பிடறேன்னு இதுக்கு எப்படிப் புரியவைக்கிறது?”

நான் முட்டியைத் தேய்த்துக்கொண்டே மந்திரியின் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

நாலு நாளும் கடையை அவன் திறக்கவில்லை. மூட்டைகளையும் வேனிலிருந்து இறக்கவில்லை. தினமும் காலையில் கதவைத் திறந்து ஒரே ஒரு தடவை கூப்பிடுவான். மந்திரி இரண்டடி பின்னால் போகும். உட்காரும். சரியாகச் செய்துவிட்டேன் பார் என்று அவன் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டும்.

அவன் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துக் கொடுப்பான். வேறென்ன செய்வான்?