சுபம் போட்ட வெள்ளிக்கிழமை

டிவியில் 'சுபம்' என்று பூப்போட்ட எழுத்து வந்து நின்றபோது, என் மாமியார் உரித்துக்கொண்டிருந்த பூண்டு கையிலேயே இருந்தது. அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அணுபுரம் குடியிருப்பில் வீட்டுவேலை செய்துவிட்டு வருபவர் அத்தை. எவ்வளவு அசதியானாலும் ஏழு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு அந்தத் தொடரின் முன் உட்கார்ந்துவிடுவார். புருஷனிடம் அடிபட்டு, வயிற்றுப் பிள்ளையோடு துரத்தப்பட்டு, தையல் மிஷினை நம்பியே தலைநிமிர்ந்த ஒருத்தியின் கதை அது. அவள் அழுதால் அத்தையும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். வெறும் நடிப்புதானே என்று யாராவது சொன்னால் கோபம் வரும்.

அந்தச் சமயம் என் நாத்தனார், படாளத்தில் புருஷனை விட்டுவிட்டு வந்து எங்களோடு இருந்தாள். மணிக்கட்டு வீங்கி, வளையல் ஏறாத கையோடு வந்தவள். என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை. கேட்டால் திரும்ப அனுப்ப முடியாமல் போய்விடும் என்றோ என்னவோ, அத்தையும் கேட்கவில்லை. புருஷன் வீடென்றால் முன்னேபின்னேதான் இருக்கும், பொறுத்துப் போ என்று மட்டும் தினமும் சொல்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வந்து அழைத்துப்போவது என்று முடிவாகியிருந்தது.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் கடைசி எபிசோடு. தொடரில் வருபவள் சொந்தமாகத் தையல் கடை திறப்பாள் என்று தெருவே நம்பியிருந்தது. திறக்கத்தான் செய்தாள். ரிப்பன் வெட்ட வந்தவன் அந்தப் புருஷன். இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டான். அவள் கடைச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டுக் காலில் விழுந்தாள். நாதஸ்வரம் முழங்கியது.

அத்தை கையிலிருந்த பூண்டைத் தட்டில் போட்டார்.

"இவ இன்னாத்துக்கு மறுபடியும் அவங்கிட்ட போறா? அடிச்சிப் பழகுன கை சும்மா இருக்குமா?"

சுவரோரம் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் தலை நிமிரவில்லை.

"அப்ப என்ன மட்டும் ஏம்மா அனுப்புற?"

அடுத்து வரப்போகும் தொடரின் விளம்பரம் அலறிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. யாரோ புதிதாக வீட்டுக்குள் வந்து நிற்பதைப்போல அத்தை மகளைப் பார்த்தார். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அத்தை கையசைத்து நிறுத்திவிட்டார். எழுந்துபோய் மகளுக்கு எதிரில் உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"எப்டி ஆச்சின்னு சொல்லு."

புருஷன் அவள் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியிருக்கிறான். தொடருக்கு அத்தனை அழுத அத்தை, பெற்ற மகள் சொன்னதைக் கேட்டு அழவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் அதிர்ச்சியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். அத்தை உட்காரச் சொல்லி, டீயும் கொடுத்தார். எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"நடக்கட்டும். எம் பொண்ணு வர்மாட்டா. டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

நாத்தனார் இப்போது படூரில் ஒரு கல்லூரி விடுதியில் வேலை பார்க்கிறாள். அத்தை இன்றும் தொடர் பார்க்கிறார். முடியப்போகிறது என்று தெரிந்தால் மட்டும், கடைசி எபிசோடன்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மகளோடு பேச ஆரம்பித்துவிடுகிறார்.