அப்பாவின் இரண்டு வயதுகள்

அப்பாவுக்கு இரண்டு வயதுகள் இருந்தன. கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒன்று, பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் ஒன்று. பின்னது முன்னதைவிட இரண்டு வருஷம் அதிகம்.

உலகத்தில் எல்லாரும் பிள்ளைகளின் வயதைக் குறைத்துத்தான் எழுதிவைப்பார்கள், உத்தியோகத்தில் கூடக் கொஞ்ச நாள் இருக்கலாமே என்று. எங்கள் தாத்தாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பரீட்சை எழுத இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று அப்போது ஒரு சட்டம் இருந்ததாம். அப்பாவுக்கு வயது போதவில்லை. இரண்டு வருஷம் பையனைச் சும்மா உட்காரவைத்துச் சோறு போடுவதா என்று தாத்தா இரண்டைக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்பா பரீட்சை எழுதினார், முதல் வகுப்பில் தேறினார், சாந்தோமில் கோயிலைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானார். கூட்டிய இரண்டு வயதை எல்லாரும் மறந்துபோனோம். எங்கள் மாதிரி வீடுகளில் பிறந்தநாளை யாரும் கொண்டாடுவதில்லை. எந்த அர்ச்சியசிஷ்டவரின், அதாவது புனிதரின், பெயரை வைத்திருக்கிறதோ அவருடைய திருநாள்தான் எங்களுக்குத் திருநாள். அன்றைக்குப் பூசைக்குப் போய்விட்டு வந்து கேக் வெட்டுவோம். எத்தனை வயது ஆயிற்று என்று அதில் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் அப்பா திட்டம் போடுகிற ஆள். சாயங்காலம் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் எதிர்காலத்தைப் பற்றித்தான் பேச்சு. முப்பத்தைந்து வயதில் ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்திருந்தார். இருபது வருஷம் கட்டவேண்டும், ஐம்பத்தைந்தில் இரண்டாயிரம் ரூபாய் கைக்கு வரும். வயதுக்கு அத்தாட்சி கேட்டபோது கோயில் புத்தகத்திலிருந்து நகல் எடுத்துக் கொடுத்தார். அதுதான் நிஜமான வயது, அதோடு வயது குறைந்தால் பிரீமியமும் குறைவு. வருஷத்துக்கு நாலைந்து ரூபாய் மிச்சம் பிடித்ததை அவர் பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரிட்டையர் ஆகிற மாசமே பணம் வந்துடும். பாதியைப் போஸ்டாபீஸ்ல போட்டா வட்டி வாடகைக்கு ஆச்சு. பாதி சின்னவ கல்யாணத்துக்கு. யாருகிட்டயும் போய் நிக்க வேண்டியதில்ல" என்பார். சின்னவள் நான்.

யுத்தம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்த சமயம், பள்ளிக்கூடத்து மானேஜராக இருந்த சாமியாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தப் பள்ளி ஆண்டு முடிவில் உமக்கு ஐம்பத்தைந்து பூர்த்தியாகிறது, உமது நீண்ட சேவைக்கு நன்றி என்று. அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சிரித்தார். "ஆபீஸ்ல யாரோ தப்பாக் கூட்டியிருக்காங்க" என்றார். அம்மாதான், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா அந்தக் காலத்துல கூட்டிப் போட்டாரே, அதுவா இருக்குமோ?" என்று கேட்டாள். அப்பா கடிதத்தை மூன்றாம் தரம் எடுத்து வாசித்தார். பதினெட்டு வருஷம் ஒரு வயதை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார், சம்பளம் கொடுத்தவர்கள் இன்னொரு வயதை வைத்துப் போட்டிருக்கிறார்கள். சம்பளம் நிற்கப்போவது இப்போது. பாலிசிப் பணம் வரப்போவது இரண்டு வருஷம் கழித்து. அந்த இரண்டு வருஷத்துக்கும் பிரீமியம் வேறு கட்டியாக வேண்டும்.

மறுநாள் ஞானஸ்நானச் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போனார். நானும் துணைக்குப் போனேன். சாமியார் நல்லவர். காகிதத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"மேலிடத்துக்கு எழுதலாம் வாத்தியாரே. ஆனா இது நிஜம்னா அது பொய்னு நீங்க எழுதித் தரணும். பொய்யை எழுதினது யாருன்னு கேப்பாங்க. முப்பது வருஷமா ஏன் சும்மா இருந்தீங்கன்னும் கேப்பாங்க."

"எழுதினது எங்கப்பா, சாமி."

"அப்ப அப்படித்தான் எழுதணும்."

அப்பா சர்டிபிகேட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வேண்டாம் சாமி" என்றார். அவ்வளவுதான். செத்துப்போன மனுஷனைப் பொய்யன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பொரிந்து தள்ளினேன். செத்தவருக்கு மானம் இருக்கிறது, உயிரோடு இருக்கிற மூன்று பேருக்கு வயிறு இருக்கிறதே, அதை யார் பார்ப்பது என்று கேட்டேன். 

பிராவிடண்ட் பண்டு பணம் வந்தது, வந்த வாரமே போனது. அக்காள் கல்யாணத்துக்கு வெளியில் வாங்கிய கடன் எல்லாம் அதோடு தீர்ந்தது. பாலிசியின் பேரிலும் அந்தக் கல்யாணத்துக்காகக் கடன் வாங்கியிருந்தார், அது மட்டும் தீராமல் நின்றது. ஆகவே தவணை ஒன்று தவறினாலும் கடனையும் வட்டியையும் பிடித்துக்கொண்டு சொற்பத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பாலிசியை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டுமானால் ஆள் திடகாத்திரமாக இருக்கிறார் என்று டாக்டர் எழுதித் தரவேண்டும். ஆறு மாசத்துக்கு ஒரு தவணை, நாற்பத்தெட்டு ரூபாய். நாலு தவணையைத் தாண்டிவிட்டால் கரை ஏறிவிடலாம். எங்கள் வீட்டில் அதற்கப்புறம் வேறு பேச்சே கிடையாது.

அப்பா கோபாலபுரத்தில் ஒரு வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனார். ஹெட்மாஸ்டரே எழுந்து நிற்கும் மனுஷன், அந்தப் பங்களா வராந்தாவில் பிள்ளைகள் டென்னிஸ் ஆடி முடிக்கும்வரை காத்திருப்பார். அம்மா கோயில் பீடத்துணிகளுக்கு லேஸ் பின்னிக் கொடுத்தாள். எனக்கு மயிலாப்பூர் ரேஷன் ஆபீஸில் தாற்காலிக குமாஸ்தா வேலை கிடைத்தது, நாள் முழுக்கக் கார்டு எழுதுவது. அது முடிந்ததும் தேனாம்பேட்டை வழியாக நடந்து தியாகராய நகர் போய் இரண்டு சிறுமிகளுக்கு டியூஷன். காப்பிக்கு வெல்லம், விளக்குக்கு எண்ணெய் என்று ஒவ்வொன்றாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தோம். எங்களுக்கு வழக்கமாக மீன் கொண்டுவரும் குப்பத்து ஆயாவிடம் அம்மா மலிவான மத்தி மட்டும் வாங்க ஆரம்பித்தாள். ஆயாவுக்கு விஷயம் புரியாமல் இல்லை.

"இன்னாம்மா, வாத்தியாரு ரிட்டேரு ஆயிட்டாராமே? எங்க வூட்டு ஆளு அறுவது வயசுல கட்டுமரம் தள்ளிக்கினு கீறாரு. எங்களுக்கு எவன் ரிட்டேரு குடுக்கறான்?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, இரண்டு மத்தி கூடப் போட்டுவிட்டுப் போவாள்.

இரண்டு தவணை கட்டிவிட்டோம். மூன்றாவது தவணைக்கு வக்கீல் வீட்டிலிருந்து பணம் வரத் தாமதமாயிற்று. கெடு தாண்டி முப்பது நாள் சலுகை உண்டு, அந்த நாட்களும் கரைந்துகொண்டிருந்தன. அப்பா ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு கோபாலபுரத்திலிருந்து நடந்து வந்தார். டிராமுக்கு ஓரணா மிச்சம் பிடித்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் நூற்றுநாலு. மார்பில் சளி கட்டிக்கொண்டு ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு நிமோனியா என்றார். அந்த நாளில் புதிதாக வந்திருந்த சல்ஃபா மாத்திரையின் பெயரை எழுதிக் கொடுத்து, "இன்னைக்கே ஆரம்பிச்சுடணும். லஸ்ல ஒரு கடையில இருக்கு, விலைதான் ஜாஸ்தி சொல்றான்" என்றார்.

அன்று சனிக்கிழமை. முதல் நாள்தான் வந்த வக்கீல் வீட்டுப் பணத்தையும் சேர்த்து வீட்டில் இருந்தது ஐம்பத்தைந்து ரூபாயும் கொஞ்சம் சில்லறையும். அம்மா அதை அப்படியே என் கையில் கொடுத்தாள். "சீக்கிரம் வாங்கிட்டு வந்துடு கண்ணு" என்றாள். அவளுக்குச் சலுகை நாள் கணக்கெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும். அன்றுதான் கடைசி நாள். மவுண்ட் ரோட்டில் இருந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சனிக்கிழமை ஒரு மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

லஸ்ஸுக்குப் போனேன். மருந்துக்கடை வாசலில் நின்றேன். மாத்திரைக்கு முப்பது ரூபாய் சொன்னான். அதை வாங்கினால் பிரீமியம் இல்லை. அங்கே நின்று நான் நினைத்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாத்திரை வாங்கி அப்பா பிழைத்தால், பாலிசி போய்விடும், மூன்று பேரும் தெருவில் நிற்போம். மாத்திரை வாங்கியும் அப்பா போய்விட்டால், அம்மாவும் நானும் தெருவில் நிற்போம். பிரீமியம் கட்டி அப்பா பிழைத்தால் நல்லது. பிரீமியம் கட்டி அப்பா போய்விட்டால், கடன் போகப் பாக்கி முழுவதும் அம்மாவுக்கு வரும். இந்த நாலையும் நான் வரிசையாக, ரேஷன் கார்டு எழுதுவதுபோல், நிதானமாக நினைத்தேன். எனக்குக் கண்ணீர்கூட வரவில்லை. அப்போது டிராம் வந்தது. ஏறிவிட்டேன்.

டாக்டரிடம் முதலில் போய்க் கடன் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் என்னை எத்தனையோ தரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருடைய டிஸ்பென்சரி நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. டிராமுக்குப் பின்னால் அடுத்த டிராமும் வந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பாதி நிஜம். போய்க் கேட்டு, அவர் முடியாது என்று சொல்லிவிட்டால், மருந்தைத்தானே வாங்கவேண்டியிருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அது மீதிப் பாதி.

பன்னிரண்டே முக்காலுக்குப் பணத்தைக் கட்டி ரசீது வாங்கினேன். திரும்பி வந்தபோது டிஸ்பென்சரி மூடியிருந்தது. வீட்டு வாசலில் மீன்கார ஆயா கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"மாத்திரை எங்க பாப்பா? அம்மா உன்னையே பாத்துக்கினு கீது. சாமியாருக்கு ஆள் அனுப்பிச்சிருக்குது" என்றாள்.

சாகக் கிடப்பவர்களுக்குச் சாமியார் வந்து செய்யும் அவஸ்தைப்பூசுதலுக்கு அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். நான் உள்ளே போகவில்லை. வந்த வழியே ஓடினேன். டாக்டரின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை நின்று, கையில் இருந்த ஏழு ரூபாயை மேஜைமேல் வைத்தேன். கடையில் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏழு ரூபாயைத் தொடாமல் அலமாரியைத் திறந்து தன்னிடம் இருந்த மாத்திரைகளைக் கொடுத்தார். காலை பத்து மணிக்குப் போகவேண்டிய மருந்து மாலை நாலரைக்கு அப்பாவின் வாய்க்குள் போயிற்று. அதற்குள் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தார்.

அப்பா பிழைத்துக்கொண்டார். அம்மா மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் வைத்தாள். நான் பாவசங்கீர்த்தனத்துக்கு மூன்று வாரம் தொடர்ந்து போனேன். மூன்று தரமும் வேறு ஏதோ சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்துவந்தேன்.

ஒரு மாசம் கழித்து, எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும், அப்பா பாலிசிக் காகிதங்களைக் கேட்டார். தவணை தவறியிருக்கும் என்று பயந்திருப்பார்போல. ரசீதை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தேதியைப் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டு, "சாமியார் எனக்குப் பூசிட்டுப் போனது எந்த நாள்?" என்று கேட்டார். அம்மா சொன்னாள். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கணக்குல தப்பில்லம்மா" என்றார். பரீட்சைத் தாளைத் திருத்திக் கொடுக்கிற அதே குரல்.

திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். ரசீதை மற்ற ரசீதுகளோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நாலாவது தவணையும் கட்டினோம். கோயில் புத்தகப்படி அப்பாவுக்கு ஐம்பத்தைந்து முடிந்த மாசம், கடன் போக மிச்சப் பணம் வந்தது. அவர் சொன்னபடியே பாதியைப் போஸ்டாபீஸில் போட்டார், பாதியில் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார். மாப்பிள்ளை வீடு அடையாறில். வாரம் ஒருமுறை அம்மா வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்பா என்னிடம் எப்போதும்போல் பிரியமாகத்தான் இருந்தார். பேரப்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார், என்னோடு உட்கார்ந்து சீட்டு ஆடினார். நிமோனியா வந்த பக்கத்து மார்பு மட்டும் கடைசிவரை சரியாகவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், குளிர்காலத்தில் இருமல் வந்துவிடும். மருந்து தீர்ந்துபோனால், நான் வாங்கி வருகிறேன் அப்பா என்று கையை நீட்டுவேன். வேண்டாம்மா, நடந்தா உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அவரே கடைக்குப் போவார்.