எதிர்வீட்டுக் கதவு

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று மனைவியிடம் சொன்ன பிறகும் பதினொரு வருடம் பிடித்தேன். ஊருக்கு வெளியே தளேகாவில் இருந்த தொழிற்சாலைக்குப் போய்வந்த காலத்தில், ரயிலுக்குக் காத்திருக்கும்போது தொற்றிய பழக்கம். ஓய்வு பெற்ற பின் எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்கடை போதுமானதாயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் அவள் முருகன் கோயிலுக்குக் கிளம்பியதும் நான் இறங்குவேன். முடித்ததும் தோட்டத்துக் குழாயில் கை கழுவி, வாய் கொப்பளித்து, சோம்பு மென்றுகொண்டு மேலே வருவேன்.

போன மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, குழாயைத் திறக்க வலது கை வரவில்லை. இடது கையால் திறந்து கொப்பளித்தால், உதட்டின் ஒரு பக்கமாகத் தண்ணீர் தானே ஒழுகியது. படித்தவன், அது பக்கவாதம் என்று எனக்குத் தெரிந்தது. எப்படியோ லிஃப்டில் மேலே வந்தேன். எதிர்வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவைத் தட்டவில்லை. வாயில் நாற்றம் இருந்தது. நாற்றம் போகும்வரை என்று கட்டிலில் படுத்துவிட்டேன்.

அவள் வந்து பார்த்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மருத்துவமனையில் கேட்டார்கள், கடைசியாக எப்போது நன்றாக இருந்தேன் என்று. கோயிலுக்குக் கிளம்பிய நேரத்தை அவள் சொன்னாள். எனக்கு நாக்கு புரளவில்லை. ஸ்கேன் பார்த்துவிட்டு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினார்கள். பேச்சு இரண்டு நாளில் வந்தது, நடை மூன்று வாரத்தில். வலது கை விரல்கள் மட்டும் இன்னும் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகின்றன. முன்னதாக வந்திருந்தால் கையும் சரியாகியிருக்கலாம் என்றார் மருத்துவர்.

அதை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டாள். தினமும் எனக்குப் பொத்தான் மாட்டும்போது சொல்வாள்: "அபிஷேகத்துக்கு நிக்காம வந்திருந்தா இந்தக் கை தப்பிச்சிருக்கும்லா." கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். கீழே யாராவது பற்றவைத்தால் போதும், துணி எடுக்கிற சாக்கில் பால்கனிக்குப் போய் அந்தப் புகைக்கு முகத்தைக் கொடுப்பேன். ஏக்கம் விரலில் இல்லை, நெஞ்சுக்கூட்டில் இருந்தது.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் சொல்லிவிட்டேன். "நீ வந்தது தாமதம் இல்ல. நான் அன்னைக்குக் கீழ போயிருந்தேன்."

"சிகரெட்டுக்குத்தான? மாசம் ரெண்டு வாட்டி சோம்பு டப்பா காலியாவுது. நான் என்ன பாயாசத்துலயா போடுதேன்?"

மீதியையும் சொன்னேன். அவள் கை மூன்றாவது பொத்தானில் நின்றது.

"எதிர்வீட்டம்மா இருந்தாங்களா?"

"இருந்தாங்க. டிவி சத்தம் கேட்டுது."

"தட்டலியா?"

"வாய் நாறிச்சு."

"நாத்தத்துக்குப் பயந்து சாவக் கெடந்தீயளோ? நான் ஆறு மாசமா சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கேன்."

பொத்தானை அப்படியே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சேலை மாற்றி, என்னைப் பார்க்காமல் கோயிலுக்குக் கிளம்பினாள். எதிர்வீட்டுக்குத் தெரியும்படி வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன்: உண்மையைச் சொன்னபோதே, இனி இவள் கோயிலுக்குப் போவாள், நான் தனியாக இருப்பேன் என்ற நினைப்பும் மூலையில் இருந்தது. லிஃப்ட் வரைக்கும் போனேன். அது வந்தது, கதவு திறந்து மூடியது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அபிஷேகம் முழுவதும் பார்த்துவிட்டு, வெயில் ஏறிய பிறகுதான் வந்தாள். திருநீறு பூசக் குனிந்தவள், பூசுவதற்கு முன் என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்தாள். பதினொரு வருடமும் நாற்றம் தெரிந்தே, தெரியாததுபோல் முகத்தை நேராக வைத்துக்கொண்டு பூசிவிட்டவள். இப்போது ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் முகர்கிறாள். நான் வாயைத் திறந்து காட்டுகிறேன். சிகரெட்டுக்கு ஏங்குவதைவிட, அவள் முகராமல் பூசிய அந்த நாட்களுக்குத்தான் அதிகம் ஏங்குகிறேன்.