சகலைக்குத் திறந்த கதவு

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் என் சகலை கைபேசியைக் கருவியின் மேல் காட்டினார், கதவு திறந்தது, உள்ளே போய் நின்றுகொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு என் மகள் கைதட்டினாள்.

"சூப்பர் சித்தப்பா! நான் சொல்லித் தரவே வேண்டாம் போல."

மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அந்த நிலையத்துக்குப் பக்கத்திலேயே வாடகை வீடு. விடுமுறைக்கு எங்களை வரச் சொன்னபோது, என் மனைவியின் தங்கையையும் அவள் கணவரையும் சேர்த்தே கூப்பிட்டாள். அந்தத் தங்கை கணவர்தான் என் சகலை. ஊரில் நான் மருந்துக்கடை வைத்திருந்தேன். காலையில் திறந்தால் இரவு அடைக்கும்வரை கல்லாவை விட்டு நகர முடியாது. அந்த வருடங்களில் என் மகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர், நீச்சலுக்குக் கூட்டிப்போனவர், பள்ளி நாடகத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து விசிலடித்தவர் எல்லாம் அவர்தான். கடையை விற்றுவிட்டு வந்த முதல் பயணம் இது. இந்தமுறையாவது அவள் எனக்கு மட்டும் கிடைப்பாள் என்று நினைத்திருந்தேன்.

அடுத்தது என் முறை. மகள் கொடுத்திருந்த பயண அட்டையைக் கருவியில் வைத்தேன். சத்தம் வந்தது. என் முன்னால் இருந்த கதவு அசையவில்லை. பக்கத்து வழியின் கதவு திறந்தது. அங்கே காதில் ஏதோ மாட்டிக்கொண்டு வந்த ஒரு வாலிபன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான். நான் மறுபடி வைத்தேன். சிவப்பு விளக்கு. இன்னொரு முறை வைத்தேன். அதே சிவப்பு. எனக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது.

சீருடை போட்ட ஒரு பெண் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே, அந்த ஊர் வழக்கப்படி நடுநடுவே 'லா' சேர்த்துப் பேசினார்.

"பரவால்ல அங்கிள், நிறைய பேருக்கு நடக்கும். ரைட் சைடுல வைக்கணும். லெஃப்ட்ல வச்சா பக்கத்து கேட் திறந்திடும் லா. உங்க கார்டுல வேற யாரோ போயிட்டாங்க. ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான், அதான் ரெட் காட்டுது. வாங்க, சரி பண்ணித் தரேன்."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சகலை குரல் கொடுத்தார். "அண்ணே, வலது கை! சாப்பிடுற கை!"

அந்தப் பெண் சிரித்தார். என் மனைவி சிரித்தாள். மகள் சிரித்த சிரிப்பில் அவளுடைய கைப்பை தோளிலிருந்து நழுவியது. நானும் சிரித்தேன். ரயிலில் இடம் இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அதன்பிறகு எங்கே போனாலும் இதே கதைதான். தேக்கா சந்தையில் மேல்மாடித் துணிக்கடையிலும் கீழே சாப்பாட்டுக் கடையிலும் அவர் அங்கே ஒட்டியிருந்த கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் பிடித்துப் பணம் கட்டிவிட்டு நடந்தார். நான் சட்டைப்பையில் நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். "அவரைப் பாருங்க, எவ்வளவு சுலபமா செய்யறாரு" என்று என் மனைவி சொன்னாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள் சொல்லக்கூடிய சொல்லா அது என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. அங்கே சாப்பிட்ட காரமான பிரட்டல் மேல் பழியைப் போட்டுவிட்டு மோர் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் காலை, மற்றவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நிலையத்துக்குப் போனேன். அட்டையில் நானே பணம் ஏற்றிப் பழக வேண்டும் என்பது என் திட்டம். அங்கே வரிசையாக நிற்கும் இயந்திரங்களில் ஒன்றின் முன்னால் நின்றேன். திரையில் தமிழும் இருந்தது. தமிழைத் தொட்டேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. என்ன செய்யச் சொல்கிறது என்பதுதான் புரியவில்லை. நோட்டை நுழைக்கும் வாயைத் தேடித் தடவிப் பார்த்தேன்.

"அங்கிள், அது பேங்க் கார்டுக்கு மட்டும். கேஷ் போடணும்னா அந்தக் கடைசி மெஷின்." அதே பெண்தான்.

கூடவே வந்து நின்றார். முதலில் அட்டையை அதற்கான இடத்தில் வைக்க வேண்டும், முடியும்வரை எடுக்கக் கூடாது, பிறகு நோட்டு. அங்கே வெள்ளி என்று சொல்லும் அந்த டாலர் நோட்டை இயந்திரம் உள்ளே இழுத்துக்கொண்டபோது எனக்குச் சின்னப் பையன்போல மகிழ்ச்சியாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"உங்ககூட வந்தாரே ஒரு அங்கிள், அவரும் இப்படித்தான் கேட்டாரு. நீங்கல்லாம் ஒண்ணா வந்தீங்கல்ல, அதுக்கு முந்தின நாள் சாயங்காலம். எப்படி வைக்கணும், எப்படி வெளிய வரணும்னு ஒண்ணொண்ணா கேட்டு, பக்கத்து ஸ்டேஷன் வரைக்கும் தனியா போயிட்டு வந்தாரு. நல்ல தமாஷான ஆளு, லா."

வந்து இறங்கிய அன்று சாயங்காலம் காலார நடந்துவிட்டு வருகிறேன் என்று அவர் போனது நினைவுக்கு வந்தது. ஆக, ஒத்திகை பார்த்துவிட்டு வந்து நடித்திருக்கிறார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இதை எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக அமைத்துக்கொண்டே நடந்தேன்.

இட்லி பரிமாறும்போது சொன்னேன். "தம்பி முந்தின நாளே போய்ப் பழகிட்டு வந்தாராமே. ஸ்டேஷன்ல அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

சகலை வெட்கப்படவேயில்லை. "மாட்டிக்கிட்டேனா!" என்று தொடையில் தட்டினார். "அண்ணே, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. பயத்துல தூக்கமே வரலை. வெளிநாட்டுல இந்தப் பொண்ணு முன்னாடி மானம் போயிடக் கூடாதேன்னு ஓடிப் போய் அந்தம்மா கால்ல விழாத குறையா கேட்டேன். போய்ட்டு வரும்போது எந்தப் பக்கம் ஏறணும்னு தெரியாம ஒரே இடத்துல சுத்திச் சுத்தி வந்தேன்."

மகள் எழுந்துபோய் அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். "எனக்காகவா சித்தப்பா?"

நானும்தான் அவளுக்காகப் போயிருந்தேன். சட்னி எடுக்க உள்ளே போனேன்.

அடுத்த நாள் மகள் வேலைக்குப் போய்விட்டாள். அக்காவும் தங்கையும் நகைக்கடை பார்க்கக் கிளம்பினார்கள். கிராஞ்சியில் காய்கறிப் பண்ணைகள் இருக்கின்றன, பார்த்துவிட்டு வாருங்கள் என்று எங்கள் இருவரையும் சேர்த்து அனுப்பினாள் என் மனைவி. ரயில் மாறி, பிறகு பேருந்து பிடித்துப் போனோம். நகரத்தின் கட்டடங்களெல்லாம் முடிந்து, சாலைக்கு இரண்டு பக்கமும் புதரும் நாற்றுப்பண்ணைகளுமாக இருந்தது. சகலை ஒவ்வொரு கீரைப் பாத்தியையும் படம் பிடித்தார். ஊரிலிருக்கும் நண்பர்களை ஒவ்வொருவராக வீடியோவில் அழைத்து வெண்டைக்காயைக் காட்டினார். யாரோ ஒருவரிடம் என்னையும் காட்டினார்.

திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. வெகுநேரம் பேருந்தும் வரவில்லை. தொழிலாளர்களை ஏற்றிய லாரி ஒன்று போனது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் எங்கள் வேட்டியைப் பார்த்துக் கையசைத்தார். அப்போதுதான் சகலை கைபேசியை எடுத்தார். திரை இருண்டு கிடந்தது. அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, செத்துப்போச்சு."

அவருடைய பணம், ரயில், வழி, எல்லாம் அதற்குள்தான் இருந்தது. சட்டைப்பையில் ஒரு காசும் இல்லை. அவர் முகம் அப்படிச் சிறுத்து நான் பார்த்ததேயில்லை. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. மறைத்துச் சொல்வதில் என்ன இருக்கிறது, இனித்தது.

பேருந்து வந்தது. அவருடைய கட்டணத்தை நாணயங்களாக ஓட்டுநர் பக்கத்திலிருந்த பெட்டியில் நான் போட்டேன். கிராஞ்சி நிலையத்தில் ஒரு புது அட்டை வாங்கி, பணம் வாங்கும் இயந்திரம் எது என்று பார்த்து, அட்டையை வைத்து, நோட்டை நுழைத்து, முடியும்வரை காத்திருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு தப்பும் நேரவில்லை. அவர் கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, நீங்க மட்டும் இல்லேன்னா அந்தப் பண்ணையிலேயே கீரை பறிக்கிற வேலைக்குச் சேர்ந்திருப்பேன்."

"பரவால்ல தம்பி" என்றேன். இதை மகளிடம் நானே சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டேன்.

சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சகலை தொடங்கிவிட்டார். கைபேசி செத்தபோது அவர் முழித்த முழி, லாரியில் போனவரிடம் இடம் கேட்கலாமா என்று யோசித்தது, இனிமேல் கிராஞ்சியில் குடியுரிமை வாங்க வேண்டியதுதான் என்று நினைத்தது, எல்லாவற்றையும் எழுந்து நின்று நடித்துக் காட்டினார். மூன்று பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கதையில் நானும் இருந்தேன். என்னைக் குறைத்தெல்லாம் அவர் சொல்லவில்லை. மலைபோல நின்று காப்பாற்றிய அண்ணன் என்றுதான் சொன்னார். நான் மலைபோலச் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்களாவா அந்த மெஷின்ல போட்டீங்க? யாருமே ஹெல்ப் பண்ணலயா? எப்படிப்பா?"

எனக்கு மார்பு நிறைந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். முந்தின நாள் காலையில் தனியாகப் போய்ப் பழகியதிலிருந்தா, அட்டையை முதலில் வைக்க வேண்டும் என்பதிலிருந்தா? தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அதை ஏன் கேக்கிற!" என்றார் சகலை. "உங்கப்பா அந்த மெஷின் முன்னாடி போய் நின்னாரு பாரு, அப்படியே மருந்துக்கடைக் கல்லா முன்னாடி நிக்கிற மாதிரி…"

அவள் அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் திரும்பினேன். நோட்டை நான் நீவிவிட்டு நுழைத்ததையும், இயந்திரம் இழுத்துக்கொண்டதும் தலையசைத்ததையும் அவர் செய்து காட்டினார். அப்படியே நான்தான். நன்றாகத்தான் சொன்னார். நான் சொல்லியிருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது என்பதுதான் எனக்குத் தாங்க முடியாமலிருந்தது.