சீவிய உருத்து

நகரத்தில் காணிப் பத்திரங்களை எழுதிப் பதிவு செய்யும் ஒரு நொத்தாரிசிடம் தட்டெழுத்தாளனாக இருந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. உறுதி என்று சொல்லும் அந்தப் பத்திரங்களை அடித்துக் கொடுப்பேன். தேவைப்பட்டால் சாட்சியாகக் கையெழுத்தும் வைப்பேன்.

ஒரு நாள் செட்டிபாளையத்திலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். புருசன் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. வீடுவளவைத் தங்கையின் மகளுக்கு நன்கொடையாக எழுத வேண்டும், ஆனால் சாகும்வரை தான் அங்கே இருக்கச் சீவிய உருத்தும் எழுத வேண்டும் என்றார். கூட்டிவந்தவன் அந்த மகளின் புருசன். படியேறும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டான். வெயிலென்று தேசிக்காய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான்.

மறுநாள் அவன் தனியே வந்து நொத்தாரிசுடன் உள்ளறையில் பேசிவிட்டுப் போனான். நான் அடித்து வைத்திருந்த உறுதியை நொத்தாரிசு திரும்ப என் முன் போட்டார்.

"சீவிய உருத்துப் பந்திய விட்டுட்டு அடி."

காரணம் கேட்காமல் அடித்தேன்.

ஒப்பமிடும் நாளில் நொத்தாரிசு உறுதியைச் சட்டத் தமிழில் விறுவிறென்று வாசித்தார். மூதாட்டி தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் கண்ண மூடும்வரைக்கும் வீட்டில இரிக்கிற கத எங்க, ஐயா?"

"எல்லாம் முறையா இரிக்கு ஆச்சி."

அவருக்குத் திருப்தியில்லை. என் மேசை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "புள்ள, நீதானே அடிச்ச? அது இரிக்கா?"

நொத்தாரிசு என்னைப் பார்க்கவில்லை. கூட்டிவந்தவன் பார்த்தான்.

"ஓம் ஆச்சி" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. கையை என்னிடம் நீட்டினார். பன்புல்லில் பாய் இழைத்துத் தேய்ந்த பெருவிரலில் ரேகை சரியாகப் பதியவில்லை. இரண்டாம் முறை நான்தான் பிடித்து அழுத்தினேன்.

"நல்லா அழுத்து புள்ள, எனக்கு நோகாது."

அதற்குப் பிறகு வீட்டில் மனைவி எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினேன். உண்மையான 'ஓம்' கூட வாயில் வரவில்லை.

எட்டு மாதம் கழித்து, வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போயிருந்தேன். மடத்து மூலையில் ஒரு சீலை மூட்டையோடு அவர் இருந்தார். கண் தெரியாதவர்தானே என்று கடந்து போனேன். கிணற்றடிவரை போய்த் திரும்பி வந்தேன்.

"ஆச்சி."

"உறுதி அடிச்ச புள்ள" என்றார் உடனே.

முதலில் அவர் படுக்கும் பாயை அடுப்படிக் குசினிக்கு மாற்றினார்களாம். பிறகு மாட்டுக் கொட்டிலுக்கு. "சாமி கும்பிடுவம் எண்டு ஓடத்தில ஏத்திக் கூட்டிவந்தான். சூடம் வாங்கிட்டு வாறன், இரிங்க எண்டு போனான். இண்டைக்குப் பதினொரு நாள்."

"நான் பொய் சொன்னன் ஆச்சி. அந்தப் பந்தி அதில இல்ல."

"தெரியும். கொட்டில்ல கிடக்கக்குள்ள அததான் யோசிச்ச நான். அவனுக்கு வளவு கிடைச்ச. நொத்தாரிசருக்கு அவர்ர கூலி. உனக்கு என்ன புள்ள கிடைச்ச?"

எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டேன்.

அவரை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மனைவி சோறு போட்டாள். வேறொரு சட்டத்தரணியிடம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அந்தக் கிழமையே வேலை போனது. ஓட்டமாவடியில் ஒரு நெல் ஆலையில் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தேன். வழக்கு மூன்று வருசம் இழுத்தது. சாட்சிக் கூண்டில் என் பொய்யை நானே சொன்னேன். உறுதி செல்லாது என்று தீர்ப்பாகி அவர் வீடு திரும்பினார்.

மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். பட்டப்பகலிலும் கதவு அடைத்தே இருக்கும்.

"ஆரு?"

"நான்தான் ஆச்சி."

"தனியவா வந்த? கையில கடதாசி ஏதும் இரிக்கா?"

இல்லை என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். பிறகு யன்னலால் கையை நீட்டி அரிசிப் பொட்டலத்தை வாங்கிக்கொள்வார். உள்ளே வா என்று ஒரு நாளும் சொன்னதில்லை. என் குரல் தெரியாமல் அல்ல.

ஒரு மாரியில் இறந்துபோனார். அடைத்த கதவுதானே என்று அயலவர்கள் இரண்டு நாள் கவனிக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கதவை உடைத்துக் கழற்றி, முற்றத்து மழையில் வேலியோடு சாத்தியிருந்தார்கள். உட்பக்கத்தில் மூன்று கொண்டிகள். அவற்றில் ஒன்று புதிது, இன்னும் துருப்பிடிக்கவில்லை.