கண்ணைத் திறக்கச் சொன்ன கதவு

புஷ்பவல்லிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. இமைகளும் ஒட்டியே இருக்கும். காப்பார் என்ற ஊரில் பிறந்தவள், வேலை கிடைத்ததும் நகரத்தில் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து அடுக்குமாடி வீடொன்றில் தனியாகக் குடியேறினாள். துணைக்கு ஆள் தேடாமல் போய் வருவதில் அவளுக்கு ஒரு பெருமை.

போன வருஷம் நிர்வாகம் காவலாளிகளை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, முகம் பார்த்துத் திறக்கும் கதவுகளைப் போட்டது. அவளையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். வாசலில் காட்டும் பழைய அட்டை இனிச் செல்லாது என்றார்கள்.

முதல் நாள் வேலை முடிந்து திரும்பியபோது வெளிக்கதவு தானாகத் திறந்து, அவளை உள்ளே விட்டு மூடிக்கொண்டது. உள்கதவின் முன் நின்றாள்.

"சிலா புக்கா மாத்தா," என்றது இயந்திரம் மலாய் மொழியில். கண்ணைத் திறக்கச் சொல்கிறது!

முதலில் சிரிப்புத்தான் வந்தது. முகத்தைத் தூக்கினாள், பக்கத்தில் போனாள். மறுபடி அதே வார்த்தை. சரி, வெளியே போய்விடலாம் என்று திரும்பினால் அந்தக் கதவும் முகம் கேட்டது. இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே காற்றுகூட இல்லை. கைத்தடியால் தட்டினாள், கத்தினாள். வெளியே பெய்த மழையில் யார் காதிலும் விழவில்லை. கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து எதிர்வீட்டு ரமணி வந்துதான் அவளைக் கூட்டிப்போனாள்.

மறுநாள் நிர்வாக அலுவலகத்தில் தனேஷ் என்ற இளைஞன் இருந்தான்.

"சிஸ்டம் அப்படித்தான் ஆன்டி. போட்டோவ காட்டி ஏமாத்துவாங்கல்ல? கண்ணு சிமிட்டுனாதான் உயிருள்ள ஆளுன்னு எடுத்துக்கும்."

"அப்ப நான் உயிரோட இல்லையா தம்பி?"

"அப்படிச் சொல்லல லா. யாரையாச்சும் கூட்டிட்டு வாங்களேன்."

அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் ரமணிக்குப் போன் போட வேண்டியிருந்தது. அவள் முகம் சுளிக்கவில்லைதான். ஆனாலும் கேட்டுக் கேட்டு புஷ்பவல்லிக்கே கூசியது. கோயிலுக்குப் போவதை விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டை விட்டு இறங்குவதே இல்லை. சன்னலோரம் நின்று கீழே ஓடும் மோனோரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்றாள். "இத செஞ்சவங்க, என்னை மாதிரி ஒரு ஆள நிக்க வச்சு ஒரு வாட்டியாச்சும் செக் பண்ணிப் பாத்தாங்களா?"

 மறுவாரம் அவளுக்காக அட்டையில் திறக்கும் கதவு ஒன்றை ஒதுக்கினார்கள். பின்பக்கம், குப்பை அறையை ஒட்டி. மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வழியாகத்தான் போய் வருகிறாள். முன்வாசலைக் கேட்டு நிர்வாகத்தை இன்னும் விடாமல் நச்சரிக்கிறாள்.

"கதவு போட்ட கம்பெனிக்குச் சொல்லியிருக்கோம் ஆன்டி," என்கிறான் தனேஷ்.